கூட யாருங்க இருந்தது?

நாமக்கல்லில் எங்கள் பகுதிக் கத்தோலிக்கர்களுக்கான பங்குக் கோயில் மாதம் ஒரு சின்ன இதழ் போடும். கல்யாண அறிவிப்பு, இறந்தவர்களுக்கான பூசை நேரம், கடைசிப் பக்கத்தில் ஒரு கோழித்தீவன விளம்பரம். நடுப்பக்கம் இரண்டும் என்னுடையவை. கிறிஸ்தவத்தின் முதல் நூற்றாண்டுகளில் வாழ்ந்த புனிதர்களைப் பற்றி எழுதிவந்தேன். பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்துகிறவன் என்பதால் பங்குச்சாமியார் என்னைப் பிடித்துப்போட்டார். என் கட்டுரைக்காக ஊரே காத்துக்கிடக்கிறது என்று நான் மனதார நம்பினேன். ஒரு நாள் என் நடுப்பக்கத்திலேயே மடித்த கடலைப் பொட்டலத்தை நானே காசு கொடுத்து வாங்கித் தின்றேன். அப்போதும் அந்த நம்பிக்கைக்கு ஒன்றும் ஆகவில்லை.

உண்மையில் அதை முழுசாகப் படித்தவர் ஒரே ஒருவர்தான். எங்கள் தெருமுனையில் இட்லி மாவு அரைத்து விற்ற அம்மா. என்னைவிடப் பத்து வயது மூத்தவர், அதனால் அக்கா என்பேன். அவர் என்னை சார் என்பார். மூன்று கிரைண்டரும் ஒன்றாக ஓடும்போது ஸ்டூலில் உட்கார்ந்து, எழுத்தின் மேல் விரலை வைத்து, வாய் அசைய அசையப் படிப்பார். அவர் கைக்குப் போன இதழ்கள் எல்லாவற்றிலும் காய்ந்த மாவுத் தடம் இருக்கும். படித்து முடித்த மறுநாள் நான் அந்தப் பக்கம் போனால், "நல்லா இருந்துச்சுங்க சார்" என்பார். அங்கேயே நான் நகர்ந்திருந்தால் என் எழுத்து வாழ்க்கை நிம்மதியாகப் போயிருக்கும். பாராட்டின் அடுத்த வாக்கியத்துக்காக நின்றுவிடுவேன். அடுத்த வாக்கியம் எப்போதும் கேள்விதான்.

முதல் கேள்வி, உயரமான தூணின் உச்சியில் முப்பது வருஷத்துக்கு மேல் நின்று தவம் செய்த துறவியைப் பற்றி. அவரை நான் மிகவும் ரசித்து எழுதியிருந்தேன். உலகத்தை உதறிவிட்டுத் தன்னந்தனியாக, வெயிலிலும் பனியிலும், என்று இரண்டு பக்கமும் வழிய வழிய எழுதியிருந்தேன்.

"ஏனுங்க சார், அத்தன ஒசரத்துல நின்னாரு, சரிங்க. சோறு தண்ணி யாருங்க மேல குடுத்தது?"

"சீடர்கள் இருந்திருப்பாங்கக்கா."

"ஏணி வச்சுங்களா, கயித்துல கட்டிங்களா?"

எனக்குத் தெரியவில்லை. வரலாற்று ஆசிரியனுக்கு ஏணி விஷயம் தெரியவில்லை என்பது எனக்கே கொஞ்சம் உறுத்தியது. வீட்டுக்குப் போய்ப் புத்தகத்தைப் புரட்டினேன். ஏணியும் இருந்தது, அதைவிடப் பெரிய விஷயமும் இருந்தது. தூண்மேல் ஏறி நிற்பது பக்தியா, திமிரா என்று அந்தக் காலத்துத் திருச்சபைப் பெரியவர்களுக்குச் சந்தேகம் வந்திருக்கிறது. 'உடனே கீழே இறங்கு' என்று ஆள் அனுப்பினார்கள். முரண்டு பிடித்தால் இழுத்துப் போடுங்கள், இறங்க ஒத்துக்கொண்டால் அங்கேயே விட்டுவிடுங்கள் என்பது அவர்கள் சொல்லியனுப்பிய ஏற்பாடு. அவர் மறுபேச்சில்லாமல் காலை எடுத்து வைத்தார். விட்டுவிட்டார்கள். எழுதும்போதும் இது என் கண்ணில் பட்டதுதான். ஆனால் என் வீரர் ஒரு உத்தரவுக்குக் கட்டுப்பட்டு இறங்கப் பார்த்தார் என்பது கட்டுரைக்கு எடுப்பாக இல்லை என்று தாண்டிப் போயிருந்தேன்.

மாவுக்கடையில் போய்ச் சொன்னபோது அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"அப்ப மேல நிக்கறதுக்கும் கீழ இருக்கறவிங்க சம்மதம் வேணுமாட்டமிருக்குது. இதை விட்டுப்போட்டீங்களே சார்."

அதற்குப் பிறகு ஒவ்வொரு மாதமும் இதே கதை. கூட்டம் வேடிக்கை பார்க்க மிருகங்களுக்குப் பலியான ஓர் இளம் தாயைப் பற்றி எழுதினேன். கைக்குழந்தைக்காரி. இருட்டுச் சிறையில் யாருமற்றுக் கிடந்தாள் என்று நான் எழுதியதைப் படித்துவிட்டு, "பச்சக் கொழந்தைய உள்ள தூக்கிட்டுப் போனது யாருங்க?" என்றார். மறுபடி புத்தகம். சபையைச் சேர்ந்த திருத்தொண்டர்கள் இரண்டு பேர் காவலாளிகளின் கையில் எதையோ வைத்து, சிறையில் காற்று வரும் இடத்துக்கு அவர்களை மாற்றியிருக்கிறார்கள். வீட்டார் தூக்கிவந்த குழந்தைக்கு அங்கே அவள் பால் கொடுத்தாள். அது லஞ்சம்தானே, பங்கு இதழில் எப்படிப் போடுவது என்று நான் நாசூக்காக மறைத்த இடம் அது. "அதத்தான் மொதல்ல எழுதோணும்" என்றார் மாவுக்கார அக்கா. தீயிட்டுக் கொல்லப்பட்ட ஒரு முதிய ஆயரைப் பற்றி எழுதி, 'சாம்பலானார்' என்று கம்பீரமாக முடித்திருந்தேன். "பொறவு அந்த எலும்பெல்லாம் யாருங்க பொறுக்கினது?" என்றார். அதற்கும் ஆள் இருந்தது. சபையார் பொறுக்கி எடுத்து, அடக்கம் செய்து, வருஷாவருஷம் அந்த நாளில் அங்கே கூடினார்கள். அப்படிக் கூடியதால்தான் அவர் பெயர் நாமக்கல் வரைக்கும் வந்திருக்கிறது.

எனக்குப் பிடித்த புனிதர்கள் எல்லாரும் ஏன் தனியாகவே நின்றார்கள் என்று இப்போது தெரிகிறது. நான் கூட்டத்தில் ஒட்டாத ஆள். பூசை முடிந்ததும் யாரிடமும் பேசாமல் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்புகிறவன். அந்த சுபாவத்துக்கு ஒரு ஒளிவட்டம் கிடைத்தால் வேண்டாம் என்பேனா? மாதாமாதம் ஒரு புனிதரின் முகத்தை எடுத்து எனக்கு மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

அந்த அக்காவின் சுபாவம் நேர் எதிர். யாரும் எங்கேயும் தனியாகப் போவதை அவரால் பார்த்துக்கொண்டு இருக்க முடியாது. ஆஸ்பத்திரிக்கு ஸ்கேன் எடுக்கப் போகிற பெண், போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூப்பிடப்பட்டவன், பத்திரம் பதியப் போகிற விதவை, யாராக இருந்தாலும், "இருங்க, நானும் வாரேன்" என்று கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். அங்கே போய் ஒன்றும் செய்யமாட்டார். பேசக்கூட மாட்டார். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். கடையில் கிரைண்டர் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். மாவு சூடேறிப் புளித்துப் போய்விட்டது என்று நாங்கள் எத்தனையோ நாள் திட்டிக்கொண்டே இட்லி தின்றிருக்கிறோம்.

கோழிப்பண்ணை ஒன்றில் வேலைக்கு வந்த ஜார்க்கண்ட் பையன் ஒருவன் காய்ச்சலில் இறந்துபோனான். கழுத்தில் சிலுவை இருந்ததால் பண்ணைக்காரர்கள் எங்கள் கோயிலுக்குத் தகவல் சொன்னார்கள். அக்கா வீடு வீடாக அடக்கத்துக்குக் கூப்பிட்டு வந்தார். நான் கொஞ்சம் யோசித்து, "அவர் எந்தப் பங்கைச் சேர்ந்தவர்னு கடிதம் ஏதாவது இருக்காக்கா?" என்று கேட்டேன். முறைப்படிக் கேட்கிறேன் என்று நினைப்பு.

"பொட்டிக்குள்ள இருக்கறவரு எந்திரிச்சு வந்து எந்தப் பங்குன்னு சொல்லுவாருங்களா சார்?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, சந்தேகம் கேட்பதுபோலத்தான் சொன்னார். போனேன். பதினோரு பேர் நின்றோம். பாட்டை அவர்தான் ஆரம்பித்தார், வழக்கம்போல எந்தச் சுருதியிலும் சேராமல்.

இப்போது அவர் மேட்டூரில் மகள் வீட்டோடு போய்விட்டார். அங்கே யாருடன் எந்த வரிசையில் உட்கார்ந்திருக்கிறாரோ. அவரை நினைக்கும்போது எனக்கு முதலில் ஞாபகம் வருவது நான் பட்ட வெட்கம்தான். அதையும் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் பங்கில் தெருவாரியாக இருபது இருபத்தைந்து குடும்பங்களைச் சேர்த்து அன்பியம் என்று குழு இருக்கும். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு ஒரு வீட்டில் கூடிச் செபம் சொல்லி, வேதம் வாசித்து, அந்த வீட்டார் தரும் சுண்டலையோ வடையையோ தின்றுவிட்டுக் கலைவோம். வீடுகளுக்கு முறை உண்டு, வரிசை மாறாது. முறை வந்த வீடு வெள்ளையடிக்காத குறையாகத் தயாராகும். முறை தப்பினால் அது அந்த வீட்டுக்குப் பெரிய குறை. எங்கள் அன்பியத்துக்குச் செயலாளர் நான். முறை நோட்டும் வாட்ஸப் குரூப்பும் என் கையில் இருந்தன.

எங்கள் குழுவில் ஒரு லாரி டிரைவர் குடும்பம். அவர் குடித்துவிட்டு வண்டி ஓட்டி, ராசிபுரம் பக்கத்தில் சைக்கிளில் போன ஒரு பெரியவரை அடித்துவிட்டார். பெரியவர் அங்கேயே இறந்துபோனார். டிரைவரைச் சேலம் ஜெயிலில் வைத்தார்கள். பேப்பரில் போட்டோ வந்தது. அன்றிலிருந்து அவர் மனைவியும் பத்தாவது படிக்கும் மகளும் கதவைத் தாழ்போட்டுக்கொண்டு உள்ளேயே இருந்தார்கள். அந்த அம்மாவுக்குச் சொந்த ஊர் கெங்கவல்லி, இங்கே சொந்தபந்தம் என்று யாருமில்லை. தெருவில் யாரும் அவர்களைத் திட்டவில்லை. அந்த வீட்டுக்கு எதிரே வரும்போது எல்லாருக்கும் செல்போனில் ஏதோ அவசரம் வந்தது, எனக்கும்தான்.

அடுத்த முறை அவர்கள் வீடு.

அந்த மாத இதழில் நான் எழுதியிருந்தது இது: ஆதித் திருச்சபை தன் கைதிகளுக்குச் சிறைக்குள்ளே சோறு கொண்டுபோனது, அவர்கள் குடும்பங்களைத் தாங்கியது. 'சிறையில் இருப்பவனின் வீட்டுக் கதவைத் தட்டாத சபை சபையே அல்ல' என்ற என் வாக்கியத்தைத் தனியாக எடுத்துக் குரூப்பிலும் போட்டிருந்தேன். நிறையப் பேர் கைகூப்பியிருந்தார்கள். ஊருக்கு உபதேசம் என்பார்களே, அதை நான் அச்சிலேயே ஏற்றியிருந்தேன்.

செவ்வாய்க்கிழமைக் கூட்டம் முடிந்து, அடுத்த வாரம் எந்த வீடு என்று நான் சொல்ல வேண்டிய நேரம். "அடுத்த வாரம் எங்க வீட்டுல" என்றேன்.

"முறை டிரைவரூடு இல்லைங்களா சார்?" என்றார் மாவுக்கார அக்கா.

"அவங்களே இப்ப வேண்டாம்னு சொல்லிட்டாங்கக்கா."

நான் அவர்களைக் கேட்கவே இல்லை. பொய் இவ்வளவு சுளுவாக வரும் என்று எனக்கே தெரியாது. அறையில் எல்லாருக்கும் ஒரு பாரம் இறங்கியது தெரிந்தது. "அப்படிங்களா" என்று சொல்லிவிட்டு அக்கா செபமாலையைப் பைக்குள் போட்டார்.

மறுநாள் சாயங்காலம் வீட்டுக்கே வந்துவிட்டார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"சார், அந்தம்மாவப் பாத்துட்டு வந்தனுங்க. நீங்க கேட்டது அவிங்களுக்கு நெனப்பில்லையாட்டமிருக்குது. பாவம், இருக்கற வேதனைல மறந்திருப்பாங்க. வாங்க, இப்ப ஒருக்கா போயிக் கேட்டுட்டு வந்தரலாம்."

எனக்குத் தப்பிக்க அவரே ஒரு வழி வெட்டிக்கொடுத்தார். நான் அதில் போகாமல் வாதாட ஆரம்பித்தேன். அந்தக் காலத்தில் விசுவாசத்துக்காக ஜெயிலுக்குப் போனார்கள், இவர் குடித்துவிட்டு ஒரு உயிரை எடுத்துவிட்டுப் போயிருக்கிறார், இரண்டையும் எப்படி ஒன்றாகப் பார்ப்பது, இறந்தவர் குடும்பம் என்ன நினைக்கும், என்றெல்லாம் பத்து நிமிஷம் பேசினேன். நல்ல தர்க்கம். வகுப்பில் இருந்தால் எனக்கே மார்க் போட்டிருப்பேன்.

அவர் முழுவதையும் கேட்டார். "அந்தப் பெரியவரூட்டுக்கு நான் போன வாரமே போயிட்டு வந்துட்டனுங்க" என்றார். பிறகு, "டிரைவரு புனிதருன்னு நான் எங்கீங்க சார் சொன்னேன்? சபைன்னு நாமதானுங்க நம்மளச் சொல்லிக்கிறோம்" என்றார்.

நான் மேசைமேல் கிடந்த விடைத்தாள் கட்டை எடுத்து அடுக்கினேன்.

"செவ்வாக்கெழம யாரும் வரலீன்னா மறுநாளே சாமான் செட்டக் கட்டிக்கிட்டு கெங்கவல்லிக்கே போயிர்றாங்களாம். புள்ளைக்குப் பரிட்சைக்கு ரெண்டு மாசங்கூட இல்லீங்க. போயிட்டா அது படிப்பு அத்தோட சரி. மொறை அவிங்களுது. நாம போகோணுமுங்க."

"பார்க்கலாம்கா. விடைத்தாள் திருத்த வேண்டியது நிறைய இருக்கு."

"சரிங்க சார்" என்று போய்விட்டார்.

நான் என்ன செய்தேன் என்றால், எங்கள் வீடும் வேண்டாம், அந்த வீடும் வேண்டாம் என்று, 'தவிர்க்க முடியாத காரணங்களால் இந்த வாரம் அன்பியக் கூட்டம் இல்லை' என்று குரூப்பில் போட்டேன். நடுநிலை என்று எனக்கு நானே அதற்குப் பெயர் வைத்துக்கொண்டேன். அக்காவிடம் இருந்தது பட்டன் போன்; அந்த வீட்டில் இருந்து குரூப்பில் இருந்தது ஜெயிலுக்குப் போன டிரைவரின் நம்பர் மட்டும். அவர் வீடு வீடாக ஏறி இறங்கிக் கூப்பிட்டிருக்கிறார். "குரூப்புல கூட்டம் இல்லைன்னு செயலாளரே போட்டிருக்காரே" என்று எல்லா வீட்டிலும் ஒரே பதில் சொல்லியிருக்கிறார்கள்.

செவ்வாய்க்கிழமை ஐந்து மணிக்கு, கோயிலில் இருந்து பிளாஸ்டிக் நாற்காலிகளை நாலு நாலாகத் தூக்கிக்கொண்டு அவர் தெருவில் போவதை என் ஜன்னலில் இருந்து பார்த்தேன். நாலு தடவை போனார். நான் விடைத்தாள் திருத்தினேன். ஒரே பையனின் தாளை மூன்று தடவை திருத்தி மூன்று விதமாக மார்க் போட்டேன். ஏழு மணிக்குப் பாட்டுக் கேட்டது. எப்போதும் இருபது குரலுக்குள் அமுங்கிப் போகும் அந்தச் சுருதி சேராத குரல், அன்று தனியாகக் கேட்டது. அதோடு இரண்டு மெல்லிய குரல்கள் சேர்ந்தன. வேறு எதுவும் சேரவில்லை.

என்னால் உட்கார முடியவில்லை. போகவும் மனசு வரவில்லை. கடைசியில் சமையலறையில் இருந்து ஒரு தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். யாராவது கேட்டால் மாவு வாங்கப் போகிறேன் என்று சொல்லலாம். மாவுக்காரரே அங்கே உட்கார்ந்து பாடிக்கொண்டிருக்கிறார், கடை பூட்டியிருக்கிறது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். இருந்தாலும் கையில் ஒரு பாத்திரம் இருந்தால் தைரியமாக இருந்தது.

வாசலுக்கு வெளியே நின்று எட்டிப் பார்க்கத்தான் நினைத்தேன். கதவு திறந்தே இருந்தது. கூடத்தில் பதினாறு நாற்காலிகள். மூன்றில் ஆள் இருந்தது. ஓரத்தில் ஒரு பெரிய குண்டானில் சுண்டல், பக்கத்தில் எங்கேயோ இரவல் வாங்கிய டம்ளர்கள் அடுக்கடுக்காக. டிரைவரின் மனைவி என்னைப் பார்த்ததும் பதறி எழுந்து வந்தார்.

"சார், நீங்க ஏன் சார் எழுந்து வந்தீங்க? ரொம்ப முடியலையாமே. அக்கா சொன்னாங்க. எல்லாரும் உங்களைப் பாக்க உங்க வீட்டுக்குத்தான் போயிருக்காங்கன்னு சொன்னாங்க. இப்பதான் சார் உங்களுக்காகச் செபம் பண்ணோம். என் பொண்ணுதான் செபத்தைச் சொன்னா."

மகள் எழுந்து நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். யாரும் ஏன் வரவில்லை என்பதற்கு அந்த அம்மாவுக்குச் சொல்ல ஒரு காரணம் வேண்டியிருந்திருக்கிறது. அதற்கு அக்கா என்னைக் காய்ச்சலில் படுக்கவைத்து, ஊரையே என் தலைமாட்டில் உட்காரவைத்திருக்கிறார். கஞ்சிக்கு வந்தவன் மாதிரி தூக்குப்போசியோடு நான் நின்றேன். அந்த அம்மா அதை உண்மையிலேயே நம்பினாரா, நம்பியதுபோல் இருந்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவர் கண் கலங்கியிருந்தது. ஊரே ஒதுக்கிய வீட்டில், ஒதுக்கியவனுக்கு உடம்பு சரியாக வேண்டும் என்று ஒரு குழந்தை வேண்டியிருக்கிறது. அதைவிடப் பெரிய வெட்கம் என் வாழ்க்கையில் எனக்கு வந்ததில்லை.

அக்கா திரும்பிப் பார்க்காமலே பக்கத்து நாற்காலியை எனக்கு இழுத்துப் போட்டார்.

"உக்காருங்க சார். காச்சல் எறங்கிருச்சுங்களா?"

"எறங்கிருச்சுங்கக்கா" என்றேன்.

உட்கார்ந்து, போனை எடுத்து, கூட்டம் உண்டு, டிரைவர் வீட்டில், இப்போதே, வரிசை மாற்றியது என் தவறு என்று குரூப்பில் போட்டேன். வேதம் வாசித்து முடிப்பதற்குள் ஒருவர் வந்தார். அப்புறம் இரண்டு பேர். கடைசியில் ஒன்பது பேர் இருந்தோம். ஏழு நாற்காலி காலியாகத்தான் இருந்தது. ஆனாலும் அந்த அம்மா சுண்டலை இரண்டு கரண்டியாக எல்லாருக்கும் போட்டார். பேச்சு பரீட்சை பற்றிப் போனது. "சாமி, கணக்குல சந்தேகம்னா சார் ஊட்டுக்கே போயிரு" என்று அக்கா அந்தப் பெண்ணிடம் சொன்னார். எனக்குக் கணக்கு வராது என்று சொல்ல அது நேரமில்லை. அவர்கள் கெங்கவல்லிக்குப் போகவில்லை. அந்தப் பெண் இங்கேயே பரீட்சை எழுதினாள்.

திரும்பும்போது கோயில் வரைக்கும் நாற்காலி தூக்கினேன். ஒரு நடைக்கு அக்கா நாலு, நான் இரண்டு. எனக்குத்தான் அப்போது உடம்பு தேறிக்கொண்டிருந்ததே. கோயில் வாசலில் இறக்கி வைத்துவிட்டு, மூச்சு வாங்கிக்கொண்டு அவர் சொன்னார்:

"சனிக்கெழம சாமியாருகிட்டப் பாவத்தச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் பண்ண வாரீங்களா சார்? நீங்க ஒரு பொய் சொல்லிட்டீங்க, நானும் ஒண்ணு சொல்லிட்டனுங்க. சேந்தே போயிட்டு வந்தரலாம். தனியாப் போக எனக்குச் சங்கட்டமா இருக்குது."

போனோம். வரிசையில் என்னை முன்னால் விட்டுவிட்டு எனக்குப் பின்னால் நின்றுகொண்டார், நடுவில் நான் கழன்றுகொள்ளாமல் இருப்பதற்காக.